கடையில் வாங்கிய குட்டி ரோசா ஏன் வாடுகிறது?

கேள்வி: ஐயா, சித்திரை வருடப்பிறப்புக்கு வந்த என் தம்பி கொழும்பில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் வாங்கிய குட்டி ரோசாச் சாடி ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். ஒரு கைக்குள் அடங்குகிற சாடி. வந்தபோது ஒன்பது பூ, அதைவிட மொட்டுகள். முன் அறை மேசையில், பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்து, காலையும் பின்னேரமும் தண்ணீர் விட்டேன். ஒரு கிழமைக்குள் மொட்டுகள் விரியாமலே காய்ந்து விழுந்தன. பிறகு இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. பசளை காணாதாக்கும் என்று வயலுக்கு வாங்கியதில் கொஞ்சம் யூரியா போட்டேன். மருந்துக்கடையில் கேட்டதற்கு இரண்டு போத்தல் மருந்து தந்தார்கள், இன்னும் அடிக்கவில்லை. இப்போது தடியும் நாலைந்து இலையும்தான் மிச்சம். "உது நுவரெலியாவில வளர்ற சாமான், வன்னி வெயிலுக்குச் சரிவராது" என்கிறார் மாமி. எறிந்துவிடவா, வைத்திருக்கவா? நிலத்தில் நட்டால் பிழைக்குமா?

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி

பதில்: எறியாதீர்கள் தங்கச்சி. அந்த இரண்டு போத்தலையும் திறக்காமல் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். திருப்பி எடுப்பார்கள் என்றால் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

முதலில் ஒரு சோதனை. தடியின் அடிப்பக்கத்தில், மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே, பெருவிரல் நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. கபில நிறமாகக் காய்ந்து கிடந்தால் அந்தத் தடி போய்விட்டது. "தடி" என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். கவனமாகப் பார்த்தால் ஒன்றல்ல, மூன்று நாலு தடி நிற்கும். அவை ஒரே கன்றின் கிளைகள் அல்ல, தனித்தனிக் கன்றுகள். தோட்டக்காரர்கள் சிறு சாடியில் மூன்று நாலு வெட்டுத்துண்டுகளை ஒன்றாக ஊன்றி வேர்ப்பிடிக்க வைப்பார்கள். அப்போதுதான் சாடி நிறையப் பற்றையாகத் தெரியும், வாங்குகிறவருக்கு ஆசை வரும். விற்கும்வரை அது நல்ல ஏற்பாடு. வீட்டுக்கு வந்தபிறகு ஒரு கோப்பைச் சோற்றுக்கு நாலு பேர் என்ற கதையாகிவிடுகிறது. ஆகவே நாலில் ஒன்று பச்சையாக இருந்தாலே உங்களுக்கு ஒரு முழு ரோசாக்கன்று இருக்கிறது என்று கணக்கு.

அடுத்தது அந்தப் பளபளப்புக் கடதாசி. உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ஆனால் அது சாடியைச் சுற்றி இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். பரிசாக வருகிற சாடியை உடுப்பாட்டி வைத்ததுபோல் அப்படியே வைத்திருப்பதுதான் நம் வழக்கம். அதைக் கழற்றுங்கள். காலையும் பின்னேரமும் விட்ட தண்ணீர் அடித்துளையால் வெளியேறி, அந்தக் கடதாசிக்குள்ளேயே தேங்கி நின்றிருக்கும். மேல்மண் காய்ந்திருக்கிறதே என்று நீங்கள் மேலே ஊற்ற ஊற்ற, கீழே வேர் முழுகிக் கிடந்திருக்கிறது. மண்ணில் காற்று இல்லாவிட்டால் வேர் மூச்சுவிட முடியாது. மூச்சுவிடாத வேர் தண்ணீரையும் உறிஞ்சாது. அதனால்தான் தண்ணீருக்குள் நின்றுகொண்டே கன்று தாகத்தால் வாடுவதுபோல் தெரியும், நாம் இன்னும் ஊற்றுவோம்.

இப்போது கன்றை வெளியே எடுப்போம். இடது கையால் மண்மட்டத்தில் தடிகளை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு சாடியைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மண்கட்டி முழுதாகக் கழன்று வரும். மணந்து பாருங்கள். மழை பெய்த நிலத்தின் மணம் வந்தால் நல்லது, அழுகல் வாடை வந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. வெள்ளையாக அல்லது இளங்கபிலமாக, இழுத்தால் அறாமல் இருப்பது உயிர் வேர். கறுத்து, விரலால் உருவினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சுவது செத்த வேர். செத்ததைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். யூரியா போட்ட மேல்மண்ணையும் சுரண்டி வீசுங்கள். நெல்வயலில் ஏக்கர் கணக்குக்கு எறிகிற சாமானை உள்ளங்கை அளவு மண்ணில் ஒரு சிட்டிகை போட்டாலும் அது உப்புக் கரைசல் மாதிரித்தான், வேரில் இருக்கிற தண்ணீரையே வெளியே இழுத்துவிடும். உங்களைக் குறை சொல்லவில்லை. வேளாண்மை செய்கிற வீட்டில் யூரியா கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும், கன்று மஞ்சளாகத் தெரிந்தால் கை தானாக அங்கேதான் போகும்.

மாற்றி வைக்கிற சாடி ஆறு ஏழு அங்குல வாயுள்ள மண்சட்டியாக இருக்கட்டும், அடியில் துளை கட்டாயம். பெரிய சாடியில் வைத்தால் பெரிதாக வளரும் என்று வாளி அளவுச் சாடிக்குப் போகாதீர்கள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் நின்று மறுபடி அழுகல் வரும். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி நம் பகுதிக்குத் தோதில்லை. பின்னேர வெயில் பட்டால் அதன் பக்கச்சுவர் கை வைக்க முடியாமல் சுடும், சாடி ஓரத்து வேர் அவிந்துபோகும். அதுதான் இருக்கிறதென்றால் அதைவிடப் பெரிய மண்சட்டி ஒன்றுக்குள் இறக்கி வையுங்கள்.

மண் கலவைக்கு வளவுச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு கை. தும்புச்சோற்றை இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே போடுங்கள், அதில் உப்பு இருக்கும். மாட்டெரு கைக்குள் உதிர வேண்டும், பிசுபிசுக்கிற பச்சைச் சாணம் வேண்டாம். அடுப்புச் சாம்பல், வெள்ளையாக எரிந்த உமிச்சாம்பல் இரண்டும் ரோசாவுக்குக் கூடாது. காரணத்தைக் கீழே தண்ணீர் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். நாலு தடியையும் இப்போது பிரிக்க வேண்டாம். வேர் நொந்துபோன நேரம், போதாததற்குச் சோளகக் காற்று வேறு தொடங்கிவிட்டது. மண்கட்டியோடு அப்படியே இறக்கி வைத்து, ஐப்பசி மழை விழுந்து நிலம் குளிர்ந்த பிறகு பிரித்தால் ஒவ்வொன்றும் தனித்தனிச் சாடியில் நிற்கும். இவை ஒட்டுக்கன்றுகள் அல்ல, சொந்த வேரில் வளர்பவை. ஒட்டு மண்ணுக்குள் போய்விடுமோ, அடியிலிருந்து காட்டுக்கிளை வெடிக்குமோ என்ற பயம் தேவையில்லை.

சரி, மாமியின் வாதத்துக்கு வருவோம். பாதி சரி, பாதி பிழை என்று அவரிடம் சொல்லுங்கள். வளர்ந்த இடத்தைச் சொன்னால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். கடைக்கு வருகிற இப்படிச் சாடிகள் மலைநாட்டுக் குளிரிலோ வலைக்கூடாரத்து நிழலிலோ வளர்ந்து வருபவை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம், அங்கே சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. அங்கிருந்து கொழும்புக் கடையின் ஏசிக்குள், பிறகு 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் பொதிகளோடு, கடைசியில் சித்திரை வெக்கையில் உங்கள் மேசைக்கு. எந்தக் கன்றானாலும் கொஞ்சம் இலை கொட்டித்தான் ஆகும்.

இனத்தைப் பார்த்தால் மாமி சொல்வது பிழை. குட்டி ரோசாவின் மூதாதை சீன ரோசா. வருடம் முழுதும் திரும்பத் திரும்பப் பூக்கிற குணம் அங்கிருந்து வந்தது, வெதுவெதுப்பு அதற்குப் புதிதல்ல. குட்டி ரோசா வகைகளை நூற்றுக்கணக்கில் உருவாக்கி, குட்டி ரோசாக்களின் தந்தை என்று பெயரெடுத்தவர் ரால்ஃப் மூர் என்ற அமெரிக்கர். 1907இல் பிறந்து 2009 வரை, 102 வயது வாழ்ந்த மனுசன். அவருடைய தோட்டம் இருந்தது கலிபோர்னியாவின் வைசேலியா என்ற ஊரில். அங்கே கோடையில் பகல் வெயில் 35 பாகையைத் தாண்டுவது சர்வசாதாரணம், மழையும் அப்போது இல்லை. நம் ஆனி ஆடியைப் போன்ற வெயிலில் நின்றுதான் அந்தக் கன்றுகள் தேறின. மாமி நம்பாவிட்டால் அது அவர் பாடு.

வெயிலை விட எனக்குப் பயம் காற்றில்தான். சோளகம் இராப்பகலாக அடிக்கிற மாதங்களில் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே மாற்றி நட்ட கன்றை ஒரு கிழமை பத்து நாள் விறாந்தையில், வெளிச்சம் உள்ள நிழலில் வையுங்கள். பிறகு காலை வெயில் பதினொரு மணிவரை நேரே படுகிற, தென்மேற்குக் காற்றுக்குச் சுவரோ வேலியோ மறைப்பாக உள்ள கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். முன் அறை மேசை ரோசாவுக்கு இடமே அல்ல. நம் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத் தெரிந்தாலும் ரோசாவுக்கு அது பொழுதுபட்ட நேரம்தான். ஐந்தாறு மணித்தியாலம் நேர் வெயில் பட்டால்தான் அது மொட்டுக் கட்டும். பூத்த சாடியை வந்தவர்கள் பார்க்க ஆசையென்றால் இரண்டு நாள் உள்ளே வைத்துவிட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

மொட்டு விரியாமல் விழுந்ததற்கு இன்னொரு குற்றவாளி அந்தப் பழக்கூடை. மாம்பழமும் வாழைப்பழமும் பழுக்கும்போது எதிலீன் என்ற வாயுவை விடும். நாம் வாழைக்குலையை மூடிக்கட்டிப் பழுக்க வைக்கும்போது வேலை செய்வது அதே வாயுதான். சாடி ரோசாவுக்கு அது பட்டால் மொட்டு உதிரும், இலை மஞ்சளாகும். நீங்கள் ஆசையாகப் பூவையும் பழத்தையும் ஒரே மேசையில் வைத்திருக்கிறீர்கள். பார்க்க அழகுதான், ரோசாவுக்கு ஆகாது.

தண்ணீர் விடுவதற்கு நேரக்கணக்கு வேண்டாம். சுட்டுவிரலை இரண்டாவது மடிப்புவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் விடவேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையால் வழியும்வரை விடுங்கள். இந்தக் காற்று மாதங்களில் மண்சட்டிக்குத் தினமும் தேவைப்படலாம், மாரியில் கிழமைக்கணக்கில் தேவைப்படாது. இலையில் ஊற்றாமல் மண்ணில், காலையில். சாடிக்கு அடியில் தட்டு வைத்தால் வழிந்த தண்ணீரை அப்போதே கொட்டிவிடுங்கள். வேருக்காக மட்டுமல்ல, டெங்கு நுளம்பு முட்டையிட அந்தத் தட்டுத் தண்ணீர் போதும். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பார்க்கிற முதல் இடமும் பூச்சாடித் தட்டுதான்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் நம் பகுதியில் பெரிய கேள்வி. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் படிகிறதா? படிந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். அதையே மாதக்கணக்கில் விட்டால் சாடி மண் காரமாகிவிடும். ரோசாவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும், புளிப்பையும் காரத்தையும் அளக்கிற pH அளவில் 6 முதல் 6.5 வரை. அதைவிட ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அப்போது குருத்திலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக வலைபோல் தெரியும். உங்களுக்கு வந்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். கீழ் இலைகள் நரம்போடு முழுதாக மஞ்சளாகிக் கொட்டினால் அது வேரில் தண்ணீர் தேங்கியதன் அடையாளம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. சாம்பல் மண்ணை இன்னும் காரமாக்கும், அதனால்தான் வேண்டாம் என்றேன். முட்டைக்கோதும் அப்படித்தான். பால் விட்ட தேத்தண்ணிச் சக்கையைப் போடச் சொல்லி யூரியூப்பில் ஒருவர் காட்டுகிறார். போட்டால் எறும்பு வரும், வேறு பலன் எதையும் நான் காணவில்லை.

மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைப்போல ஒன்றுமில்லை. ஒரு குட்டிச் சாடிக்கு எவ்வளவு தேவைப்படப்போகிறது? மாரியில் ஒரு பரல் நிரப்பி, நுளம்பு போகாமல் சீலையால் கட்டி மூடி வைத்தால் பல மாதம் ஓடும். வாய்க்கால் தண்ணீரும் பொதுவாகக் கிணற்றை விட மேல். ஒன்றை மட்டும் விடவேண்டாம்: குடிதண்ணீர் வடிக்கிற ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர். வீணாகிறதே என்று பலர் பூமரத்துக்குத் திருப்பி விடுகிறார்கள். நல்ல தண்ணீரில் எடுத்துக் கழித்த உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான்.

இனி அந்த இரண்டு போத்தல் கதை. நான் மாங்குளத்தில் விவசாயப் போதனாசிரியராக இருந்தபோது குவாட்டர்ஸ் விறாந்தையில் ஒரு குட்டி ரோசா வைத்திருந்தேன். ஆடி மாதம் இலையெல்லாம் தூசு படிந்ததுபோல் வெளிறிப்போயிற்று. ஊருக்கெல்லாம் "பீடையை முதலில் அடையாளம் காணுங்கள்" என்று வகுப்பெடுத்த ஆள், வீட்டில் பார்க்காமல் கொள்ளாமல் பூச்சிமருந்தை எடுத்து அடித்தேன். ஒரு கிழமையில் இன்னும் மோசம். மறுபடி அடித்தேன். மூன்றாம் முறையோடு கன்று முடிந்தது. அது பூச்சியல்ல, சிற்றுண்ணி. நம் மிளகாய்ச் செய்கைக்காரர் மைற்றா என்பார்களே, அந்த வகை. நான் அடித்த மருந்து அதைக் கொல்லாமல், அதைத் தின்கிற நல்ல பூச்சிகளைக் கொன்று அதற்கு வழி விட்டிருக்கிறது.

நீங்கள் அப்படிச் செய்யாமல் ஒரு வெள்ளைக் கடதாசியை இலைக்குக் கீழே பிடித்து இலையைச் சுண்டுங்கள். கடதாசியில் விழுந்த தூளைக் கண்ணைக் கூர்ந்து ஒரு நிமிடம் பாருங்கள். புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் சிற்றுண்ணி. நகராவிட்டால் வெறும் தூசு. சிற்றுண்ணிக்குத் தண்ணீரே மருந்து: சாடியைச் சரித்துப் பிடித்து, இலைகளின் அடிப்பக்கம் படும்படி குழாயால் நன்றாகப் பீச்சி அடியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு கிழமைக்கு. இலையில் ஊற்றாதே என்றவன் இப்போது பீச்சச் சொல்கிறானே என்று கேட்பீர்கள். காலையில் அடித்தால் வெயிலில் உடனே காய்ந்துவிடும். அதற்கும் கேட்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் திரவச் சவர்க்காரம், நன்றாகக் குலுக்கிப் பின்னேரத்தில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பக்கத்தில் மிளகாய்த் தோட்டம் இருக்கிறதா? இருந்தால் குருத்தைக் கவனியுங்கள். மிளகாய் இலையைச் சுருட்டுகிற பனிப்பூச்சி ரோசாவுக்கும் வரும். குருத்திலை சுருண்டு, கறுத்து, மொட்டு ஒருபக்கம் கோணினால் அந்தக் குருத்தைக் கிள்ளிப் பொலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மாரியில் வேறு பிரச்சினை, இலையில் வருகிற கரும்புள்ளி. அது பூஞ்சணம். இலை மணிக்கணக்கில் நனைந்தே இருந்தால் வரும். கார்த்திகை மார்கழியில் சாடியைத் தாழ்வாரத்துக்குள் தள்ளி வைத்து, விழுந்த இலையைப் பொறுக்கிவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

இப்போதைக்குப் பசளை எதுவும் வேண்டாம். புதுத் துளிர் ஒரு விரல் நீளம் வந்து, இலை சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறட்டும். அதற்குப் பிறகு பூமரத்துக்கென்று விற்கிற கலவைத் திரவப் பசளையைப் போத்தலில் எழுதிய அளவில் பாதியாகக் கரைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஈர மண்ணில் விடுங்கள். காய்ந்த மண்ணில் விட்டால் மறுபடி யூரியாக் கதைதான்.

காய்ந்த தடிகளை இன்றே அடியோடு வெட்டுங்கள். பச்சைத் தடிகளில் நுனியை மட்டும், வெளிப்பக்கம் பார்க்கிற ஒரு கணுவுக்குச் சற்று மேலே. மிஞ்சிய நாலைந்து இலையைத் தொடவேண்டாம், கன்றுக்கு இப்போது சமையல் நடக்கிற அடுப்பு அவைதான். முதலில் வருகிற மொட்டை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள், இரண்டாம் சுற்றுப் பூ உங்களுக்கு. பூ வாடியதும் காம்பை மட்டும் கிள்ளாமல், கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைவரை இறங்கி வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து ஐந்தாறு கிழமையில் அடுத்த பூ வரும். புதிய கிளை பழையதை விட நீளமாக ஓடினால் இனம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். குட்டையாக நிற்பதற்குத் தோட்டத்தில் வளர்ச்சியை அடக்குகிற மருந்து கொடுப்பது உண்டு. அதன் வேகம் தீர்ந்தபிறகு வருவதுதான் அதன் சொந்த உயரம்.

நிலத்தில் நடுவது பற்றிக் கேட்டீர்கள். நடலாம், நன்றாகவே வரும், ஆனால் இந்த மாரிக்குப் பிறகு யோசியுங்கள். வெள்ளம் நிற்காத மேட்டில், வேலிக்கு உள்ளே. கட்டாக்காலி மாட்டுக்கும் ஆட்டுக்கும் ரோசாத் துளிர் என்றால் முள்ளெல்லாம் ஒரு பொருட்டல்ல. குரங்கு வருகிற வளவென்றால் மொட்டு மிஞ்சாது, சாடியிலேயே வைத்திருங்கள். கார்த்திகையில் நாலையும் பிரிக்கும்போது பென்சில் நீளத் துண்டு இரண்டு வெட்டி, மணலும் தும்புச்சோறும் சமமாகக் கலந்த ஒரு சிரட்டையில் ஊன்றி, அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தலால் கவிழ்த்து நிழலில் வையுங்கள். சிரட்டையின் கண்ணைத் துளைக்க மறக்கவேண்டாம். மூன்று நாலு கிழமையில் வேர் பிடிக்கும். ஒன்றை மாமியின் கையிலேயே கொடுத்து ஊன்றச் சொல்லுங்கள்.